ஒரு பக்கம் வெயில், ஒரு பக்கம் நிழல்

ஜனவரி மாதத்து ரொறன்ரோ. வெளியே மைனஸ் 20 டிகிரி. உள்ளே, என் வீட்டு முன்னறையில், மேற்கு ஆப்பிரிக்கப் புல்வெளியைச் சேர்ந்த மலைப்பாம்பு ஒன்று 32 டிகிரிச் சூட்டில் சுருண்டு கிடக்கிறது. அந்தக் குளிருக்கும் இந்தச் சூட்டுக்கும் நடுவே இருப்பவை ஒரு ஜன்னல், ஒரு கண்ணாடிப் பெட்டி, ஒரு வயர். அந்த வயரில் தொங்கும் கருவி பழுதானால் பாம்பு குளிரில் விறைக்கும், அல்லது சூட்டில் வெந்துபோகும். இரண்டையும் அது வாய் திறந்து சொல்லாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஸ்காபரோவில் மின்வேலை செய்கிறவன். வீட்டில் இரண்டு பாம்புகள் வளர்க்கிறேன். ஒன்று கடைகளில் ‘போல் பைத்தன்’ என்று விற்கும் பந்து மலைப்பாம்பு. மற்றது அமெரிக்கச் சோளப்பாம்பு. இரண்டுக்கும் விஷமில்லை. விஷப்பாம்பும் மூன்று மீட்டருக்கு மேல் வளரும் பாம்பும் ரொறன்ரோ மாநகர விதிப்படி வீட்டில் வைத்திருக்கக்கூடாதவை. என்னுடையவை அந்தத் தடைக்குள் வராது. பாம்பைக் கண்டால் தடியைத் தேடிய தலைமுறை எங்களுடையது. இங்கே பிறந்த எங்கள் பிள்ளைகள் அதைக் கையில் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறார்கள். பெட்டியும் சூட்டு விரிப்பும் கடையிலேயே கிடைத்துவிடும். சில மாதம் கழித்து எனக்கு அழைப்பு வரும்: “அண்ணை, பாம்பு சாப்பிடுதில்லை”, “தின்றதைக் கக்கிப்போட்டுது.” போய்ப் பார்த்தால் பல வீடுகளில் கோளாறு பாம்பில் இருக்காது, பெட்டியின் சூட்டில் இருக்கும்.

கடன் வாங்கிய சூடு

நாம் உண்ணும் உணவில் பெரும்பங்கு உடம்பை 37 டிகிரியில் வைத்திருப்பதற்கே செலவாகிறது. பாம்புக்கு அந்தச் செலவு இல்லை. வெயில் காய்ந்த கல், மண், மரப்பொந்து என்று வெளியிலிருந்து சூட்டை எடுத்துக்கொள்கிறது. வாரக்கணக்கில் பட்டினி கிடந்தாலும் தாக்குப்பிடிப்பது அதனால்தான். ஆனால் எடுக்க வெளியே சூடு இல்லையென்றால் அதற்கு வேறு வழி கிடையாது.

ஊர்வன வெறுமனே சூட்டை விரும்புகிறவை என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். 1944இல் ரேமண்ட் கௌல்ஸ், சார்ல்ஸ் போகர்ட் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் கலிபோர்னியப் பாலைவனத்துப் பல்லிகளையும் பாம்புகளையும் ஆராய்ந்து எழுதிய கட்டுரை அந்த எண்ணத்தை மாற்றியது. ஒவ்வொரு இனமும் தனக்கென ஒரு வெப்ப அளவை வைத்திருக்கிறது, வெயிலுக்கும் நிழலுக்கும் நகர்ந்து நகர்ந்து உடம்பை அந்த அளவில் நிறுத்திக்கொள்கிறது என்று அவர்கள் காட்டினார்கள். நிழலுக்குப் போக விடாமல் உச்சி வெயிலில் வைத்தால் பாலைவனப் பாம்புகூடச் சில நிமிடங்களில் செத்துவிடும். பாம்பு வளர்ப்பின் முழுப் பாடமும் இதற்குள் இருக்கிறது: பாம்புக்குச் சூடும் வேண்டும், சூட்டிலிருந்து விலகிப்போக இடமும் வேண்டும்.

சூடு எதற்கு வேண்டும் என்பதற்கு மலைப்பாம்பின் சாப்பாடு நல்ல உதாரணம். பர்மிய மலைப்பாம்பு பெரிய இரையை விழுங்கியதும் இரண்டு நாளுக்குள் அதன் இதயத்துத் தசை சுமார் 40 சதவீதம் பெருக்கிறது என்று 2005இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு சொல்கிறது. ஒரு முழு எலியைத் தோலோடும் எலும்போடும் கரைப்பது அத்தனை பெரிய வேலை. உடம்பு குளிர்ந்திருந்தால் அந்த வேலை நடக்காது. செரிப்பதற்கு முன் இரை வயிற்றுக்குள்ளேயே அழுகத் தொடங்கும், பாம்பு கக்கிவிடும். நோயோடு போராடவும் சூடு வேண்டும். 1970களில் மத்யூ க்ளூகர் குழுவினர் பாலைவன இகுவானா என்ற பல்லிகளுக்குக் கிருமித்தொற்று உண்டாக்கிப் பார்த்தபோது, அவை வழக்கத்தைவிடச் சூடான இடத்தைத் தேடிப் போயின. கூடுதல் சூட்டில் வைக்கப்பட்டவையே அதிகம் பிழைத்தன. நமக்கு உள்ளிருந்து வரும் காய்ச்சலை ஊர்வன வெளியே போய்த் தேடிக்கொள்கின்றன.

இந்த விதிக்கு ஒரு விலக்கு உண்டு. அது நம் பக்கத்துப் பாம்பு என்பதில் எனக்குப் பெருமை. இந்தியாவில் அடைகாத்த மலைப்பாம்பின் உடல் சூடாக இருந்ததாக லமார்-பிக்கோ என்ற பிரெஞ்சுப் பயணி 1830களில் சொன்னபோது பாரிஸ் அறிஞர்கள் நம்பவில்லை. 1841இல் பாரிஸ் விலங்குக்காட்சியகத்தில் அடைகாத்த மலைப்பாம்பை வாலன்சியென் என்பவர் அளந்து அது உண்மையென்று காட்டினார். 1966இல் நியூயோர்க்கில் அடைகாத்த மலைப்பாம்பை ஆராய்ந்தவர்கள் காரணத்தையும் உறுதிசெய்தார்கள்: தாய்ப்பாம்பு தசைகளை விட்டுவிட்டு இறுக்கி, நடுங்கி, முட்டைகளுக்குச் சூடு கொடுக்கிறது. மற்ற நாட்களில் அதுவும் வெயிலை நம்பித்தான் வாழ்கிறது.

எந்தப் பாம்புக்கு எத்தனை டிகிரி

பந்து மலைப்பாம்பு கானா, டோகோ, பெனின் பக்கத்து விலங்கு. காட்டில் பகலை எலிவளைகளிலும் கறையான் புற்றுகளிலும் கழிக்கும். அதன் பெட்டியில் சூடான முனை 31 முதல் 33 டிகிரி, குளிர்ந்த முனை 25 முதல் 27 டிகிரி. இரவில் 24க்குக் கீழே விடக்கூடாது. காற்றில் ஈரப்பதம் 60 சதவீத அளவில் இருந்தால் சட்டை நன்றாகக் கழலும்.

சோளப்பாம்பு அமெரிக்காவின் தென்கிழக்குக் காடுகளைச் சேர்ந்தது, குளிர் கண்டது. அதற்குச் சூடான முனை 28 முதல் 30, குளிர்ந்த முனை 21 முதல் 24 போதும். இரவில் 20 வரை இறங்கினாலும் தாங்கும். பந்து மலைப்பாம்புக்கு வைத்த பெட்டியில் சோளப்பாம்பைப் போட்டால் அதற்கு இளைப்பாற இடமில்லை. ‘பாம்புக்கு இத்தனை டிகிரி’ என்று பொதுவாகச் சொல்லும் எவரையும் நம்பாதீர்கள்.

இன்னொரு எச்சரிக்கை. வட அமெரிக்காவில் விற்கும் பொருட்களிலும் கையேடுகளிலும் பெரும்பாலும் ஃபாரன்ஹீட் கணக்குத்தான் இருக்கும். 90 ஃபாரன்ஹீட் என்பது 32 செல்சியஸ். 80 என்பது 27க்குச் சற்றுக் குறைவு. எந்தக் கணக்கு என்று பார்த்துவிட்டுத்தான் பொத்தானைத் தொட வேண்டும்.

பெட்டிக்குள் ஒளிவிடம் குறைந்தது இரண்டு வேண்டும்: சூடான முனையில் ஒன்று, குளிர்ந்த முனையில் ஒன்று. ஒன்றுதான் வைத்தால் பாம்பு சூட்டைப் பார்க்காது, மறைவைத்தான் பார்க்கும். பயந்த பாம்பு தன் உடம்புக்கு ஒவ்வாத சூட்டிலும் மறைவை விட்டு வெளியே வராது.

எதை வைத்துச் சூடாக்குவது

சூட்டு விரிப்பு மலிவானது, எங்கும் கிடைப்பது. தட்டையான தாளுக்குள் ஓடும் கம்பி, அவ்வளவுதான். பெட்டியின் வெளிப்புறம், அடியில், ஒரு முனையில் ஒட்ட வேண்டும். தரையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மூடக்கூடாது. பெட்டிக்கு அடியில் காற்றுப்போக இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் சூடு தேங்கிக் கண்ணாடி வெடிக்கலாம். மேலே மரச்சீவலை மொத்தமாகக் கொட்டினாலும் சூடு அடியிலேயே நிற்கும். பாம்பு தோண்டிக்கொண்டு கீழே இறங்கினால் நேரே அதன்மேல்தான் படுக்கும். விரிப்பு காற்றைப் பெரிதாகச் சூடாக்காது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். குளிரான அறையில் அது மட்டும் போதாது.

பீங்கான் சூட்டு விளக்கு வெளிச்சம் தராது. சூடு மட்டும் தரும். இரவுக்கு உகந்தது. அதைப் பிளாஸ்டிக் ஹோல்டரில் மாட்டவே கூடாது, உருகிவிடும். பீங்கான் ஹோல்டர்தான் வேண்டும். பெட்டிக்குள் மாட்டினால் சுற்றிக் கம்பிக்கூடு கட்டாயம். இல்லாவிட்டால் பாம்பு அதைச் சுற்றிக்கொண்டு வேகும்.

பகலுக்கு ஹாலோஜன் விளக்கை இப்போது பலரும் விரும்புகிறார்கள். சூரியனிடமிருந்து வரும் அகச்சிவப்புக் கதிர்களில் குறுகிய அலையுள்ளவை தோலைத் தாண்டி உள்ளே இறங்குபவை. ஹாலோஜன் அந்தக் கதிரைப் பீங்கான் விளக்கைவிட அதிகம் தருகிறது. மேலிருந்து வரும் சூடு என்பதாலும் அது வெயிலுக்குக் கிட்ட வருகிறது. இரவில் அணைத்துவிட வேண்டும். பாம்புக்கும் இருட்டு வேண்டும்.

வாங்கவே கூடாதது ‘சூட்டுக் கல்’. கல்லுக்குள் கம்பியை வைத்து நேரே மின்சாரம் கொடுக்கும் பொருள் இது. ஓரிடம் கொதிக்கும், பக்கத்து இடம் ஆறிக்கிடக்கும். அதில் வயிறு வெந்த பாம்புகளை மிருக வைத்தியர்கள் பல காலமாகப் பார்த்துவருகிறார்கள்.

சூடு பட்டால் பாம்பு விலகாதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். பந்து மலைப்பாம்பின் உதட்டோரத்தில் வரிசையாகச் சிறு குழிகள் இருக்கின்றன. இருட்டில் எலியின் உடற்சூட்டை அவற்றால் உணரும். எந்த மூலக்கூறு அந்த வேலையைச் செய்கிறது என்பதை 2010இல் டேவிட் ஜூலியஸின் ஆய்வுக்குழு கண்டுபிடித்தது. சூட்டை நரம்புகள் எப்படி அறிகின்றன என்ற ஆய்வுக்காக அவர் 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். முகத்தில் அத்தனை நுட்பமான கருவி இருந்தும், அடியிலிருந்து மெல்ல ஏறும் சூட்டில் தோல் வேகும்வரை பாம்பு அசையாமல் கிடக்கிறது. தானாக விலகிவிடும் என்று அதை நம்பி விடமுடியாது.

தெர்மோஸ்டாட் இல்லாமல் எதுவும் வேண்டாம்

சூடு தரும் எந்தப் பொருளையும் நேரே சுவரில் செருகக்கூடாது. நடுவே தெர்மோஸ்டாட் இருக்க வேண்டும். குறித்த சூடு வந்ததும் மின்சாரத்தை நிறுத்தி, இறங்கியதும் திரும்பக் கொடுக்கும் கருவி அது; உங்கள் வீட்டு இஸ்திரிப் பெட்டிக்குள் ‘டிக்’ என்று சத்தம் போடுவதும் இதே வகைக் கருவிதான். விரிப்புக்கு இந்தச் சாதாரண வகை போதும். ஹாலோஜன் போன்ற வெளிச்ச விளக்குக்கு, ஒளியைக் கூட்டிக் குறைத்துச் சூட்டை நிறுத்தும் டிம்மர் வகை வேண்டும். பீங்கான் விளக்குக்கு, மின்சாரத்தைச் சிறு துடிப்புகளாகக் கொடுக்கும் பல்ஸ் வகை பொருந்தும். அதை வெளிச்ச விளக்குக்குப் போட்டால் விளக்கு மினுங்கிக்கொண்டே இருக்கும்.

கருவி வாங்கினால் மட்டும் காரியம் முடியாது. அதன் உணரி, அதாவது வயர் நுனியிலிருக்கும் சிறு முனை, எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியம். ஒரு வீட்டில் நான் கண்டதைச் சொல்கிறேன். பதினைந்து வயதுப் பையனின் பந்து மலைப்பாம்பு அது. விரிப்பு உண்டு, தெர்மோஸ்டாட் உண்டு, திரையில் 24 என்று தெரிகிறது. தாய் பெட்டிக்குள் கைவைத்து மரச்சீவலைத் தொட்டுப் பார்த்தார்.

“அண்ணை, இளஞ்சூடாத்தானே கிடக்கு? பிறகேன் சாப்பிடுதில்லை?”

“மேலே இளஞ்சூடுதான் தங்கச்சி. அடியிலே பாப்பம்.”

சீவலை ஒதுக்கிக் கண்ணாடித் தரையில் அளவுமானியை வைத்தேன். 47 டிகிரி. ரப்பர்க் கிண்ணம் வைத்து ஒட்டியிருந்த உணரி கழன்று, பெட்டியின் மறுமுனையில் தண்ணீர்ச் சட்டிக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்தது. அங்கே குளிர். உணரிக்குத் தெரிந்தது அந்தக் குளிர் மட்டும். 32 வரட்டும் என்று தெர்மோஸ்டாட் விரிப்புக்கு ஓயாமல் மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. பையன் பாம்பை மெல்லத் திருப்பிக் காட்டினான். வயிற்றின் வெள்ளைச் செதில்கள் கையகல இடத்துக்குப் பழுப்பேறி, ஓரங்களில் நீர் கோத்திருந்தன. அவன் ஒன்றும் பேசவில்லை. அன்றே ஊர்வன பார்க்கும் வைத்தியரிடம் கொண்டுபோனார்கள். தீக்காயத்துக்குப் போடும் வெள்ளிக் களிம்பும், சீவலுக்குப் பதில் வெறும் காகிதத் தரையும், பொறுமையுமாகச் சில சட்டை உரித்த பிறகு தோல் தேறியது.

ஆகவே விரிப்பின் உணரியைப் பெட்டிக்கு வெளியே, விரிப்புக்கும் கண்ணாடிக்கும் நடுவே வைத்து அசையாமல் பொருத்துங்கள். பாம்பு இழுக்காது, தண்ணீர் படாது. உள்ளே தரையில் வேண்டிய சூடு வரும்வரை தெர்மோஸ்டாட்டின் எண்ணைக் கூட்டிக் குறைத்து நிறுத்துங்கள். பெட்டிக்கு உள்ளே ஒட்டுநாடாவைப் பயன்படுத்தவே வேண்டாம். பசையில் சிக்கிய பாம்பின் தோல் உரிந்துவிடும்.

தொட்டுப் பார்ப்பது அளவை ஆகாது

தொட்ட இடம் 33 டிகிரியா 38 டிகிரியா என்று நம் கை சொல்லாது. பாம்புக்கு அந்த ஐந்து டிகிரி உயிர்ப் பிரச்சினை. கண்ணாடியில் ஒட்டும் வட்ட முள்மானிகளையும் நம்பாதீர்கள். அவை சுவரின் சூட்டைச் சொல்லும், அதையும் பல நேரம் தப்பாகச் சொல்லும். நீண்ட வயரோடு வரும் டிஜிட்டல் மானி இரண்டு வாங்கி, இரு முனைகளிலும் பாம்பு படுக்கும் மட்டத்திலேயே உணரியை வையுங்கள். துப்பாக்கி வடிவ அகச்சிவப்பு மானி பரப்பின் சூட்டைச் சொல்லும், காற்றின் சூட்டைச் சொல்லாது. கண்ணாடிக்கு வெளியே நின்று நீட்டினால் கண்ணாடியின் சூட்டைத்தான் காட்டும். கதவைத் திறந்து நேரே காட்ட வேண்டும்.

பாம்பும் அளவு சொல்லும், பார்க்கத் தெரிந்தால். எந்நேரமும் சூடான முனையிலேயே கிடந்தால் பெட்டி குளிர். எந்நேரமும் குளிர்ந்த முனையில், அல்லது தண்ணீர்ச் சட்டிக்குள்ளேயே கிடந்தால் பெரும்பாலும் பெட்டி கொதிக்கிறது. இரு பக்கமும் மாறி மாறிப் போனால் சரி. மூச்சில் விசில் சத்தம், மூக்கில் குமிழ், வாய் திறந்தபடி தலையை உயர்த்தி வைத்திருப்பது, இவையெல்லாம் நுரையீரல் தொற்றின் அறிகுறி. குளிர்ந்த பெட்டியில் அது வரும். சூட்டைத் திருத்தினால் மட்டும் போதாது; வைத்தியரிடம் போக வேண்டும். இரை தின்ற பாம்பை இரண்டு நாள் தொடக்கூடாது. கக்கிவிட்டால் முதலில் சூட்டைப் பாருங்கள், அடுத்த இரைக்கு இரண்டு வாரமாவது பொறுங்கள்.

கரண்ட் போனால், வெயில் ஏறினால்

2013 டிசம்பரில் பனிமழை மரங்களை முறித்துப் போட்டபோது ரொறன்ரோவில் லட்சக்கணக்கான வீடுகள் இருண்டன. சில இடங்களில் நாள்கணக்கில் மின்சாரம் வரவில்லை. அந்த மாதிரி நேரத்துக்கு ஆயத்தம் வேண்டும். பாம்பைத் துணிப்பையில் போட்டு வாயைக் கட்டி, காற்றுத்துளையிட்ட தெர்மோகோல் பெட்டியில் வையுங்கள். சுடுநீர்ப் போத்தலைத் துவாயில் சுற்றிப் பக்கத்தில் வைக்கலாம். போத்தல் பையை நேரே தொடக்கூடாது. பாம்பு விலகியிருக்க இடம் விட வேண்டும். இரை கொடுக்காதீர்கள். நல்ல உடல்நிலையிலுள்ள பாம்பு கொஞ்ச நேரக் குளிரைத் தாங்கும். அளவுக்கு மிஞ்சிய சூட்டைத்தான் தாங்காது. பாம்பைக் காக்கிறேன் என்று அறைக்குள் கரியடுப்போ கேஸ் அடுப்போ மூட்டிவிடாதீர்கள். கார்பன் மோனாக்சைடு முதலில் உங்களைக் கொல்லும்.

கோடையில் எதிர்ப்பக்கத்து ஆபத்து. ஜன்னலோரக் கண்ணாடிப் பெட்டியில் ஒரு மணிநேர நேர்வெயில் போதும். நிறுத்திய காரில் அதைவிடக் குறைந்த நேரம் போதும்.

தமிழ்நாட்டில் இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் காப்பளிக்கப்பட்ட நம் ஊர்ப் பாம்புகளை வீட்டில் வளர்ப்பது குற்றம். மலைப்பாம்பும் சாரைப்பாம்பும் அந்தச் சட்டத்துக்குள் அடக்கம். வனவிலங்கு வணிகம் பற்றிய சர்வதேச ஒப்பந்தப் பட்டியலிலுள்ள வெளிநாட்டு இனங்களை வைத்திருப்பவர்கள் அரசிடம் பதிவு செய்ய வேண்டும் என்பது 2022ஆம் ஆண்டுத் திருத்தம். சென்னையில் சோளப்பாம்பு வைத்திருக்கிறவருக்கு மே மாதத்தில் சூட்டு விரிப்பு தேவைப்படாது. குளிர்ந்த முனையை 24 டிகிரியில் எப்படி நிறுத்துவது என்பதே அவர் கேள்வியாக இருக்கும்.

பாம்பு வாங்க நினைக்கும் பிள்ளையிடம் நான் கேட்டுக்கொள்வது வரிசையை மாற்றச் சொல்லித்தான். முதலில் தெர்மோஸ்டாட்டும் இரண்டு மானிகளும் வாங்கு. பிறகு பெட்டி. ஆளில்லாத பெட்டியை ஒரு வாரம் ஓடவிட்டு, காலையும் இரவும் இரு முனைகளின் சூட்டையும் தாளில் எழுது. ஏழு நாளும் எண்கள் ஒரே நிலையில் நின்றால் மட்டும் பாம்பைக் கொண்டுவா. பந்து மலைப்பாம்பு வீட்டில் இருபது, முப்பது வருடம் வாழக்கூடியது. அத்தனை வருடமும் வெயிலையும் நிழலையும் அதற்குக் கொடுக்கப்போவது நீ மட்டும்தான். அந்தப் பொறுப்பை ஒரு வாரம் முன்பே ஏற்றுக்கொள்வது பெரிய காரியமில்லை.